வீட்டை மிஷினுக்குப் பழக்குகிறவர்

மிஷின் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே இனம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். அப்படி இல்லை. பெரும்பாலானவர்கள் ஒன்றை வாங்குவார்கள், கொஞ்ச நாள் ஓட்டிப் பார்ப்பார்கள், அது இவ்வளவுதான் செய்யும் என்று தெரிந்ததும் அந்த மட்டுக்கும் பயன்படுத்திக்கொண்டோ, பரண்மேல் ஏற்றிவிட்டோ வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது இன்னொருவரைப் பற்றி. அவர் வாங்கிய மிஷினால் ஒரு காரியம் ஆகவில்லை என்றால் குற்றம் தரையினுடையது. அல்லது நாற்காலியினுடையது. அல்லது அந்தத் தரைமேல் நடமாடும் சொந்தபந்தங்களினுடையது. நாமெல்லாம் ஒரு சாமானை வாங்கி வீட்டுக்குப் பழக்குவோம். இவர் வீட்டை மிஷினுக்குப் பழக்குகிறவர்.

அடையாளம் கண்டுகொள்வது எளிது. மிஷின் வந்த அட்டைப்பெட்டியை இவர் தூக்கிப்போட மாட்டார். அதற்குள் இருந்த தெர்மக்கோலைக்கூடப் போட மாட்டார். சாப்பிட உட்கார்ந்தால் கூடவே கையேட்டையும் கொண்டுவந்து, அபாய எச்சரிக்கைகளைக் குடும்பத்துக்கு வாசித்துக் காட்டுவார். மிஷினைப் பற்றிப் பேசும்போது குரல் கொஞ்சம் தணியும், பக்கத்து அறையில் அது தூங்குவதுபோல. "அதுக்கு இது ஒத்துக்காது" என்பார், ஏதோ மாமியார் வீட்டில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாத மருமகனைச் சொல்வதுபோல. அந்த மிஷினை வாங்கி நொந்துபோனவர் யாரையாவது சந்தித்தால் முகத்தில் ஓர் இரக்கம் வரும். "அவங்களுக்கு யூஸ் பண்ணத் தெரியல" என்பார். அதுதான் இவருடைய வேதம். முழுக்க அவ்வளவுதான்.

மாதிரிக்கு ஒருவரைப் பார்ப்போம். இவர் நில அளவைத் துறையில் சர்வேயர். ஊராரின் எல்லைத் தகராறுகளைத் தீர்த்துவைப்பவர். மனைவி தையல்காரர், கடை கிடையாது, வீட்டின் முன்னறைதான் கடை. அந்த அறையில் தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. ஜன்னலடியில் காலால் மிதிக்கும் தையல் மிஷின், பக்கத்தில் துணி வெட்டும் மேஜை, எதிரே வாடிக்கையாளர்கள் உட்கார ஒரு சோபா. பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸுகளின் சீருடைகள் எல்லாம் இந்த ஜன்னலடியில்தான் உருவாகின்றன. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். பகல் வெளிச்சம் இல்லாமல் அந்த வேலை நடக்காது. காலேஜுக்குப் போகும் ஒரு மகளும் இருக்கிறாள். சுருக்கமாகப் பேசுகிற பெண்.

இந்த வீட்டுக்கு ஒரு நாள் ஈர வேக்குவம் கிளீனர் வந்தது. தானே தண்ணீர் விட்டு, உருளையால் தரையைத் தேய்த்து, அந்த அழுக்குத் தண்ணீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் சாதனம். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, அழுக்குத் தண்ணீருக்கு ஒரு தொட்டி. கடையில் விற்பனைப் பையன் தரையில் காப்பியைக் கொட்டி, மேலே ஒரு பிடி தானியத்தைத் தூவி, மிஷினை ஒரு முறை தள்ளியதும் எல்லாம் மாயமாகிவிட்டது. சர்வேயர் அசந்துபோனார். அசந்துபோகாமல் என்ன செய்வார்? அந்தக் கடைத் தரையில் மூலை இல்லை, கட்டில் கால் இல்லை, போன வாரம் காய்ந்துபோன கறை இல்லை. முக்கியமாக, அந்தத் தரையில் யாரும் குடியிருக்கவில்லை.

வீட்டில் முதல் ஓட்டம் ஒரு விழா. மிஷினை இறக்குவதற்கு முன்னால் தரையைப் பெருக்கச் சொன்னார். "பெரிய குப்பை போனா தொண்டை அடைச்சுக்கும்" என்றார். மனைவி பெருக்கினார். மிஷின் சீறிக்கொண்டு போய்வந்தது. தரை பளபளத்தது, அதை மறுக்கக் கூடாது. ஆனால் சுவரோரமாக, அறையைச் சுற்றி, வேட்டிக் கரைபோல ஒரு பட்டை தொடப்படாமல் நின்றது. உருளை அந்த ஓரம் வரை எட்டாது.

"ஏங்க, செவுத்தோரம் அப்படியே இருக்கே?"

"அது எட்ஜ். எட்ஜை யாரும் பார்க்க மாட்டாங்க."

"நான் பார்க்கறேனே."

"நீ ஏன் அங்க பார்க்கற? நடுவுல பாரு."

மனைவி துணியை நனைத்து, முட்டி போட்டு, ஓரத்தைத் துடைத்தார். ஆக முன்னால் பெருக்கியாயிற்று, பின்னால் துடைத்தாயிற்று, இடையில் மிஷின் ஓடியது. அதோடு முடிந்ததா? அழுக்குத் தொட்டியை உடனே கொட்ட வேண்டும். ஒரு பொழுது மறந்தால் வீட்டில் எலி செத்ததோ என்று எல்லோரும் எல்லா இடத்திலும் தேட வேண்டியிருக்கும். உருளையைக் கழற்றி அலச வேண்டும், நிழலில் உலர்த்த வேண்டும், வடிகட்டியைத் தட்ட வேண்டும், வாயைத் துடைக்க வேண்டும். முன்பெல்லாம் அந்த வீட்டில் தரையைத் துடைத்தால் போதும். இப்போது தரையைத் துடைத்ததையும் துடைக்க வேண்டும்.

மகள் டீ கொட்டி, அது காய்ந்து, வட்டமாக ஒட்டிக்கொண்டது. சர்வேயர் அதன்மேல் மிஷினை முன்னும் பின்னும் ஓட்டினார். வட்டம் நன்றாகக் குளித்துவிட்டு அங்கேயே இருந்தது. மிஷினுக்கு ஈரம் தெரியும், காய்ந்ததைச் சுரண்டத் தெரியாது. சர்வேயர் கொஞ்ச நேரம் குனிந்து ஆராய்ந்தார்.

"இது கறை இல்லைம்மா. டைல்ஸோட டிசைன்."

"நேத்து இந்த டிசைன் இல்லையேப்பா" என்றாள் மகள்.

வேறு ஒருவராக இருந்தால் இந்த இடத்தில் மிஷினைப் பற்றிக் கொஞ்சம் யோசித்திருப்பார். நம்மவர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வீட்டைப் பற்றி யோசித்தார். மிஷினின் தலை உயரம். சோபாவுக்கு அடியில் நுழையாது. ரொம்பப் படுக்கவைத்தால் அழுக்குத் தண்ணீர் மோட்டாருக்குள் போய்விடும் என்று கையேடு மிரட்டுகிறது. ஆகவே சோபா உயர வேண்டும். நான்கு மரக்கட்டைகள் வந்தன. அன்று முதல் அந்த வீட்டுக்கு அளவு கொடுக்க வந்த பெரிய மனுஷிகள் எல்லாம் ஊஞ்சலில் ஏற்றிவிட்ட குழந்தைகள்போலக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தரைவிரிப்பு உருளையில் சிக்கியது. சுருண்டு மொட்டைமாடிக்குப் போனது. அறைக்கும் நடைக்கும் நடுவே இருந்த மரப்படி சக்கரத்தைத் தடுத்தது. பெயர்த்தெடுக்கப்பட்டது, அதன் பிறகு கதவுக்கடியில் காற்றும் எறும்பும் தாராளமாக வந்துபோயின. படுக்கையறையில் மரத்தரை. அது நாள்தோறும் ஈரம் குடித்து, பலகைகளின் ஓரம் அப்பளம்போலத் தூக்கிக்கொண்டது. "மரம் சரியில்லை" என்றார் சர்வேயர். அந்த மரம் அவருடைய அப்பா காலத்திலிருந்து சரியாக இருந்தது.

இவ்வளவையும் அந்தக் குடும்பம் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டது. சோபா உயர்ந்தால் யாருக்கு என்ன? படி போனால் கால் இடறாமல் நடக்கலாம். விஷயம் கெட்டது நூலில்தான்.

தையல்காரர் வீட்டுத் தரை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெட்டின நூல், பிரித்த நூல், பாபினிலிருந்து அறுந்த நூல், கத்தரி ஓரத்தில் உதிர்ந்த பிசிறு, துணியில் கோடு போட்ட சாக்கட்டியின் பொடி, எங்கோ ஒரு குண்டூசி. எவ்வளவு பெருக்கினாலும் டைல்ஸ் இடுக்கில் நாலு இழை ஒளிந்துகொள்ளும். மிஷின் அவற்றை உறிஞ்சவில்லை. சுற்றிக்கொண்டது. ஜன்னலோரமாக ஒரு முறை போய்வந்தால் உருளை முழுக்கப் பம்பரத்துக்குக் கயிறு சுற்றினாற்போல வெள்ளை நூல். சாக்பொடி தண்ணீரோடு கலந்து பசையாகி மேலே ஒரு பூச்சு. மிஷின் முனகும். சிவப்பு விளக்கு எரியும். பிறகு நின்றுவிடும்.

உடனே வீட்டில் ஆபரேஷன். மனைவி கையில் இருக்கிற சீருடையைப் போட்டுவிட்டு, தையல் பிரிக்கும் ஊசியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, உருளையிலிருந்து ஒவ்வோர் இழையாக அறுத்து எடுப்பார். சர்வேயர் டார்ச் பிடித்துக்கொண்டு மேலே நிற்பார்.

"பார்த்து, பார்த்து. உருளை தோல் கிழிஞ்சிடப் போகுது."

"நர்ஸம்மா சாயங்காலம் வர்றாங்க. இன்னும் ரெண்டு கை வைக்கணும்."

"கை எங்க ஓடிப் போகுது? இது நின்னு போச்சே."

தினமும் இதே கதை. இனி இங்கே இரண்டு பேர் இருக்க முடியாது என்பது சர்வேயருக்குத் தெளிவாயிற்று. நூல் அல்லது உருளை. எல்லைத் தகராறு தீர்ப்பதில் அனுபவசாலி அல்லவா, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தீர்ப்பைச் சொன்னார்.

"உன் தையல் மிஷினைப் பின்னாடி ரூமுக்கு மாத்திடலாம்."

"அங்க ஜன்னலே இல்லையேங்க."

"லைட் இருக்கு."

"அந்த லைட்ல ஊசில நூல் கோக்கறதுக்குள்ள ஒரு வயசு கூடிடும்."

"பேட்டரி லாம்ப் வாங்கித் தர்றேன். யோசிச்சுப் பாரு, நூல் ஒரு ரூம்ல, வீடு ஒரு ரூம்ல."

"அந்த மிஷினை வேணா பின்னாடி ரூமுக்கு மாத்துங்களேன்."

அவர் உண்மையாகவே திடுக்கிட்டார். "அங்க சார்ஜ் போட பிளக் இல்லையே."

மனைவி ஏன் ஒத்துக்கொண்டார் என்று கேட்கிறீர்கள். சண்டை போடவும் நேரம் வேண்டும். வாரக்கடைசிக்குள் நர்ஸுகளின் உடுப்புகளை முடித்தாக வேண்டும். வாதாடுகிற நேரத்தில் மேஜையையே நகர்த்திவிடலாம் என்று கணக்குப் போட்டுவிட்டார். தம்பதிகளுக்குள் இப்படித்தான் பல தீர்ப்புகள் அமலுக்கு வருகின்றன. ஜெயித்தவர் தன் வாதத்தினால் ஜெயித்ததாக நினைத்துக்கொள்வார்.

தையல் மிஷின் பின்னறைக்குப் போயிற்று. அரிசி டப்பாக்களுக்கும் பழைய சூட்கேஸ்களுக்கும் நடுவே. முன்னறை வெறிச்சென்று ஆயிற்று. அதாவது சர்வேயரின் பாஷையில், சுத்தமாயிற்று. மிஷின் ஜன்னலடியில், சார்ஜ் போடும் மேடைமேல், நல்ல வெளிச்சத்தில் நின்றது. எந்த இடையூறும் இல்லாமல் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை போய்வந்தது. இப்போதுதான் அது கடையில் ஓடினாற்போல ஓடியது. ஏனென்றால் இப்போதுதான் வீடு கடைத் தரைபோல ஆகியிருந்தது.

இதைப் பார்க்க ஆள் வேண்டாமா? மனைவியின் தம்பி வந்தான். சர்வேயர் அவனை வாசலிலேயே நிறுத்தினார்.

"மாப்பிள்ளை, அங்கிருந்தே பாரு. ஒரு தூசி காட்டு, பார்க்கலாம்."

"ஆள் இருந்தாத்தானே அத்தான் தூசி இருக்கும்."

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சர்வேயர் சிரித்தார்.

"அக்கா எங்க?"

"பின்னாடி தைச்சிட்டிருக்கா. இரு, இரு, உள்ள காலை வைக்காதே. இன்னும் காயலை. வீட்டைச் சுத்திக் கொல்லைப் பக்கமா போயிடு."

அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு, வீட்டைச் சுற்றி, துணி காயும் கொடிக்கு அடியில் குனிந்து, தன் அக்காவைப் பார்க்கப் போனான். திரும்பி வரும்போது அவன் சிரிக்கவில்லை. "ஏன் அத்தான், அக்கா கண்ணெல்லாம் சிவந்திருக்கே" என்றான். சர்வேயர், லாம்ப் சீக்கிரம் வந்துவிடும் என்றார்.

வாடிக்கையாளர்களுக்கும் இதே விதிதான். அளவு கொடுக்க வந்த அம்மாக்கள், தரை காயும் வரை வெளியில் நின்றார்கள். நின்றவர்கள் எதிர்ச் சுவரைப் பார்த்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள், பிறகு வருகிறோம் என்றார்கள். பிறகு வருகிறோம் என்று சொல்கிறவர்கள் எங்கே போகிறார்கள் என்பது தையல்காரர்களுக்குத் தெரியும். இன்னொரு தையல்காரரிடம்.

ஒரு நாள் நர்ஸ் ஒருத்தி, வாங்கிப்போன சீருடையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தாள். சர்வேயர் அப்போதுதான் மிஷினை ஓட்டி முடித்திருந்தார். மனைவி பின்னாலிருந்து வந்து, ஈரத்தின் ஓரமாக வாசலுக்குப் போனார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பாக்கெட் கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருக்கு. குனிஞ்சா பேனா நழுவி பேஷண்ட் மேல விழுது."

அவர் உடுப்பை வாங்கி வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். பாக்கெட்டின் தையல் ஒரு பக்கம் இறங்கி, ஓரிடத்தில் துணியைவிட்டே விலகி, மறுபடி ஏறியிருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் கையிலிருந்து இப்படி ஒரு தையல் வந்ததில்லை. பின்னறையில் இது நேராகத்தான் தெரிந்தது.

"சரி பண்ணித் தர்றேன்மா. நாளைக்கு வாங்க."

"சரிக்கா." நர்ஸ் தயங்கினாள். "இந்தத் தடவை மத்தவங்க துணியை வேற இடத்துல குடுத்துக்கலாம்னு பேசிக்கிட்டாங்க. உங்களுக்கும் வேலை ஜாஸ்தி போல. அதான்."

எவ்வளவு மரியாதையான வார்த்தைகள், பாருங்கள். ஒரு வார்த்தைகூடக் கடுமையில்லை. வருஷக்கணக்கில் அந்த ஜன்னலடியில் சேர்த்த பெயர் அந்த மரியாதையோடு வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

சர்வேயர் மிஷினின் கைப்பிடியைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"லாம்ப் நாளைக்கே வாங்கிடலாம்" என்றார்.

மனைவி உடுப்பை மடித்துக்கொண்டார். ஈரத்தரையின் குறுக்காக, நேராக, நடுவில் நடந்து உள்ளே போனார். பளபளப்பின்மேல் ஒவ்வொரு காலடியும் பதிந்தது. சர்வேயர் அதைப் பார்த்தார், அன்று ஏனோ மறுபடி ஓட்டாமல் மிஷினை மேடைமேல் கொண்டுபோய் நிறுத்தினார்.

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்தபோது முன்னறைக் கதவு விரியத் திறந்திருந்தது. ஜன்னலடியில் தையல் மிஷின். வெட்டும் மேஜை பழைய இடத்தில். அம்மாவும் மகளுமாக நகர்த்தியிருக்கிறார்கள். மனைவி வெள்ளைத் துணியைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துப் பாக்கெட்டின் பழைய தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். சோபாவில் அந்த நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். பிரித்த நூல் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

சர்வேயர் முதலில் தேடியது எதை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"அது எங்க?"

"பின்னாடி ரூம்ல" என்றாள் மகள்.

"அங்க பிளக் இல்லையே."

"சமையல்கட்டுல இருந்து ஒயர் இழுத்திருக்கோம்ப்பா. அஞ்சு நிமிஷ வேலை."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "கீழ நூல் விழுது."

"விழும்" என்றார் மனைவி, தலையைத் தூக்காமல்.

"உருளைல சுத்திக்கும்."

"இந்த ரூமுக்குள்ள வந்தாத்தானே சுத்தும்."

"அப்ப இந்த ரூமை எப்படி கிளீன் பண்றது?"

"நான் பெருக்கிக்கறேன். முன்னாடியும் நான்தான் பெருக்கினேன், மிஷின் வந்தப்புறமும் நான்தான் பெருக்கறேன். நீங்க நடையைப் பார்த்துக்கோங்க."

நர்ஸ் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாக்கெட் தைத்து முடிந்ததும் பேனாவைச் செருகி, குனிந்து, நிமிர்ந்து பார்த்தாள். பேனா அசையவில்லை. "மத்தவங்ககிட்ட சொல்றேன்க்கா" என்றாள். சொன்னாள். சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் அதற்குள் வேறு இடத்தில் கொடுத்துவிட்டிருந்தார்கள், அவர்கள் இன்னும் வரவில்லை. தையல்காரர் அவர்களுடைய அளவுகளை மறக்கவில்லை.

இனி சர்வேயர் திருந்திவிட்டார் என்று எதிர்பார்க்கிறீர்களா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. இப்போது மிஷின் நடைவழியில் மட்டும் ஓடுகிறது. அங்கே சோபா இல்லை, நூல் இல்லை, யாரும் உட்காருவதில்லை. பால் கொட்டினாலோ மழைநாளில் காலோடு சேறு வந்தாலோ ஒரே தள்ளில் துடைத்துவிடுகிறது. அந்த வேலைக்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது. அது தன்னால் முடியாததை முடியும் என்று ஒருநாளும் சொல்லவில்லை, பாவம். சிவப்பு விளக்கைப் போட்டுப் போட்டு உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. சர்வேயர் ஆபீஸில் எல்லோரிடமும் சொல்கிறார்: "அந்த மிஷினை எந்த ரூம்ல ஓட்டக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்கணும். நிறையப் பேருக்கு அது தெரியாது. நான் ஆராய்ச்சி பண்ணித்தான் கண்டுபிடிச்சேன்." மனைவியிடம் யாராவது இதைச் சொன்னால், அவர் பல்லிடுக்கில் நூலை வைத்துக்கொண்டு தலையாட்டுகிறார். நூல் வாயில் இருக்கும்போது பேச முடியாது.

இதைப் படித்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவரை நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் மைத்துனராகவோ மேலதிகாரியாகவோ இருப்பார். உங்கள் வீட்டில் ஈர வேக்குவம் கிளீனரே கிடையாது, ஆகவே உங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சந்தோஷம். ஆனால் அந்த இனம் தரை துடைக்கும் மிஷினால் மட்டும் உண்டாவதில்லை. பெரிய டிவி ஒன்று வந்தால் போதும், ஓடுவதற்கு ஒரு டிரெட்மில் வந்தால் போதும், கண்ணாடி மூடிய ஒரு மேஜை, ஏன், நீங்கள் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பதற்காகப் போட்ட அந்தச் சுழல்நாற்காலிகூடப் போதும். எதற்கும் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உங்கள் வீட்டிலேயே நல்ல வெளிச்சமும் காற்றும் வருகிற இடம் எது? அங்கே இப்போது என்ன நிற்கிறது? அதற்கு முன்பு அங்கே உட்கார்ந்து ஒருவர் ஏதோ செய்துகொண்டிருந்தாரே, அது யார்? ஞாபகம் வரவில்லை என்றால் வீட்டாரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கொஞ்சம் சத்தமாகவே கூப்பிடுங்கள். அவர் இப்போது இருக்கிற அறை வரை உங்கள் குரல் எட்ட வேண்டுமே.